ராவுத்தரின் மூன்றாவது வழி

வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பொன்மலையில், ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில், அவனை நான் ஜெயிக்கவைத்தேன். ஹால் நிறைய ஜனம் கைதட்டியது. மேடைக்குக் கூப்பிட்டு எவர்சில்வர் கூஜா ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் கூஜாவில் இன்றுவரை நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பரணில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

அது எப்படி என்று சொல்லவேண்டுமானால் முதலில் அந்த விளையாட்டைச் சொல்லவேண்டும். ஐம்பதுகளின் கடைசி. எங்காத்துக்காரருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வரைபடம் போடும் வேலை. குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் ஒரு வீட்டின் முன்பாதியில். ஒர்க்‌ஷாப்பில் ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மன் இருந்தார். கல்யாணம் காட்சி கிடையாது, நெப்போலியன் பைத்தியம் மட்டும் உண்டு. ஈயத்தை உருக்கிச் சுண்டுவிரல் உயரத்துக்குச் சிப்பாய்களாக வார்த்து வார்த்து, இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். காலாள், குதிரை, பீரங்கி எல்லாம் அதில் அடக்கம். இன்ஸ்டிட்யூட்டின் பின்னறையில் இரண்டு பிங்பாங் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பச்சைக் கம்பளியை விரித்து, கம்பளிக்கு அடியில் தடிப் புத்தகங்களைச் செருகி மேடு உண்டாக்குவார். நீல ரிப்பன்தான் ஆறு. சரித்திரத்தில் எந்தச் சண்டையில் எந்தப் படை எங்கே நின்றதோ அதேபோல நிறுத்திவைப்பார். அதற்குப் பிறகு சரித்திரம் அவ்வளவுதான். தோற்றவன் ஜெயிக்கலாம், ஜெயித்தவன் மண்ணைக் கவ்வலாம். அது இரண்டு பக்கத்துத் தளபதிகளின் சாமர்த்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேர் சேர்வார்கள். அதற்குக் கிளப் என்று பெயர். சதுரங்கம் மாதிரி நீ ஒரு காய், நான் ஒரு காய் என்று நகர்த்துவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தளபதிகளும் தங்கள் படைக்கான கட்டளையைச் சீட்டில் எழுதி ஃபோர்மனிடம் கொடுக்கவேண்டும். அவர்தான் அம்பயர். இரண்டு சீட்டையும் ஒரே சமயத்தில் பிரித்துப் படித்து, அதன்படி பொம்மைகளை நகர்த்துவார். எத்தனை தலை விழுந்தது என்பதைப் பகடை சொல்லும். இன்னொரு விதியும் உண்டு. தூரத்தில் நிற்கிற படைக்கு எழுதின கட்டளை ஒரு சுற்று தாமதமாகத்தான் போய்ச் சேரும். குதிரைக்காரன் கொண்டுபோகிறானாம்! ஆகவே எதிராளி அடுத்ததாக என்ன செய்வான் என்பதை இப்போதே யோசித்து எழுதியாகவேண்டும். ஒரு சண்டை முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மேஜையின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி மூடி வைத்திருப்பார்கள்.

அந்தக் கிளப்பில் யாராலும் ஜெயிக்க முடியாத ஆள் ஒருவர் இருந்தார். ராவுத்தர். பெரிய கடை வீதிப் பக்கம் அவருக்கு ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கிற கடை. பொம்மைகளுக்கு வர்ணம் வாங்கப்போன ஃபோர்மன், பையிலிருந்து ஒரு குதிரை வீரனை எடுத்துக் கலர் காட்டப்போக, "இது என்னாங்க விளையாட்டு?" என்று விசாரித்தவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று பார்த்தார். அதற்கடுத்த சண்டையில் ஃபோர்மனையே தோற்கடித்தார். பிறகு வந்தவன் போனவன் எல்லாரையும்.

எங்காத்துக்காரர் ராவுத்தரிடம் மூன்று சண்டை வரிசையாகத் தோற்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். சாத்தமுதில், அதான் ரசத்தில், உப்பில்லை என்பார், உப்பு இருக்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அப்படி என்னதான் ஆச்சுன்னா? சொல்லுங்கோளேன்" என்று கேட்டேன். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தரையில் விரலால் தண்ணீரைத் தொட்டு ஆறு, மலை, பாலம் எல்லாம் வரைந்து காட்டினார். நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குதிரையைக் கொண்டுபோய் ஏன் பாலத்துக்கு முன்னாடி நிறுத்தினேள்? பின்னாடி நின்னா அவர் பாலத்தைத் தாண்டி வந்திருப்பாரோல்லியோ?"

"வந்திருந்தா?"

"வரட்டுமே. பாதிப் பேர் இந்தண்டை, பாதிப் பேர் அந்தண்டை இருக்கறச்சே அடிச்சா என்ன?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுவாரம் மேஜையில் படைகள் எந்த நிலையில் நின்றனவோ அதை ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இப்படித்தான் ஆரம்பித்தது.

கூடத்துத் தரை சிவப்பு சிமெண்டு. அதில் கோலமாவால் போர்க்களத்தை வரைவேன். முதலில் அரிசிமாவில் போட்டேன். புதன்கிழமைக்குள் எறும்பு மொய்த்து டான்யூப் நதியில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. பிறகு கல்மாவுக்கு மாறினேன். காலாளுக்குப் புளியங்கொட்டை, குதிரைக்குச் சோழி, பீரங்கிக்குக் கொட்டைப்பாக்கு. சனிக்கிழமை மத்தியானம் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் அதைச் சுற்றி உட்கார்ந்து மறுநாளைக்கான கட்டளைகளை யோசிப்போம். நான் சொல்லச்சொல்ல அவர் எழுதிக்கொள்வார். நகர்ந்தபடி இருக்கும் சண்டையில் அது போதாதே. ராவுத்தர் இப்படிச் செய்தால் இதை எழுதுங்கோ, அப்படிச் செய்தால் அதை எழுதுங்கோ என்று பாடம் பண்ணி அனுப்புவேன். இன்ஸ்டிட்யூட் பின்னறைக்குப் பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்று போர்டு ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் சில விஷயங்களுக்குப் போர்டு தேவைப்படவில்லை.

அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். எப்போதும் என்று சொல்ல மாட்டேன். ராவுத்தர் அவ்வளவு சுலபமான ஆளா? இரண்டு தோற்றால் ஒன்று ஜெயித்தார், பிறகு ஒன்றுக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் அவரை "மார்ஷல்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீசர்கள்கூட வேடிக்கையாக சல்யூட் அடிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படிப் பூரிக்கும். யோசனை என்னுடையது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லச் சொன்னதில்லை. அந்தப் பூரிப்பைப் பார்ப்பதே எனக்கு அப்போது போதுமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிற வேலையும் மெதுவாக என்னிடம் வந்துசேர்ந்தது. நெப்போலியனின் சொந்தக் காவல்படை என்று ஒன்று உண்டு. உயரமான ரோமக் குல்லாய், நீலக் கோட்டு. அவனுடைய கடைசித் துருப்பு அதுதான். அந்த ஆட்களுக்குப் பூசி முடித்தபோது எல்லாம் ஒரே அச்சாக இருந்தன. எனக்கு என்ன தோன்றியதோ, ஊசி முனையை வெள்ளையிலும் சிவப்பிலும் தொட்டு, குல்லாய்க்குக் கீழே ஒவ்வொருவன் நெற்றியிலும் பொடியாகத் திருமண் இட்டுவிட்டேன். யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். ஃபோர்மன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆசாமி என்பது எனக்குத் தெரியாது.

"வாட் மேன் இது? ஃப்ரெஞ்ச்காரன் எல்லாம் எப்ப ஸ்ரீரங்கத்துக்கு வந்தான்?" என்று அவர் கத்தினாராம். எங்காத்துக்காரருக்கு வியர்த்துவிட்டது. ராவுத்தர் மட்டும் ஒரு பொம்மையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வடகலைங்களா, தென்கலைங்களா?" என்று கேட்டாராம். "தென்கலை" என்று இவர் முனகினாராம். "அப்ப சரி, ஊரோட ஒத்துப் போகும்" என்று சொல்லி, இருந்த இடத்தில் பத்திரமாகத் திருப்பி வைத்தாராம். அன்றிலிருந்து கிளப்பில் அந்தப் படைக்கு ஸ்ரீரங்கம் ரெஜிமெண்ட் என்றே பேராகிவிட்டது.

நான் ராவுத்தரைப் பார்த்ததே இல்லை. ஆனால் வாராவாரம் அவர் செய்ததையெல்லாம் புளியங்கொட்டையில் நகர்த்தி நகர்த்தி, அவர் மனசு எப்படிப் போகும் என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அவசரப்பட மாட்டார். ஒரு ஊரை விட்டுக்கொடுத்து ஒரு மேட்டை வாங்குவார். எங்கேயோ ஒரு மூலையில் ஒன்றுக்கும் உதவாததுபோல ஒரு சின்னப் படையை நிறுத்திவைப்பார். கடைசியில் பார்த்தால் சண்டையே அதில்தான் தொங்கும். நான் இரண்டு வழி யோசித்து, இரண்டையும் அடைத்துவிட்டேன் என்று காலை நீட்டி உட்கார்ந்தால், மூன்றாவதாக ஒன்று செய்வார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும், உடனே சந்தோஷமும் வரும். பாவி மனுஷன், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று திட்டிக்கொண்டே கீரை ஆய்வேன். எங்காத்துக்காரர் மனசில் என்ன இருக்கிறது என்பதைக்கூட அவ்வளவு துல்லியமாக நான் சொல்லியிருக்க மாட்டேன். இதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

நாலைந்து வருஷம் இப்படிப் போனது. எனக்கு ஒரே ஒரு ஆசை முளைத்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று, என் கையால் சீட்டு எழுதி, அவரோடு நேருக்கு நேராக ஆடவேண்டும். ஜெயிக்கவேண்டும் என்றுகூட இல்லை. நான் யோசித்து வைத்ததற்கு அவர் என்ன பதில் செய்கிறார் என்பதை வாய்வழியாகக் கேட்காமல் கண்ணால் பார்க்கவேண்டும்.

இன்ஸ்டிட்யூட்டில் வருஷத்துக்கு ஒருநாள் குடும்ப விழா நடக்கும். பெண்கள், குழந்தைகள் எல்லாரும் வரலாம். ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவது, மியூசிக்கல் சேர், பாண்டு வாத்தியம், கேக்கு. அந்த வருஷம் ஃபோர்மன், மேஜையை ஹாலுக்குத் தூக்கி வந்து, சுற்றுகளைக் குறைத்து, எல்லாரும் பார்க்க ஒரே நாளில் வாட்டர்லூவை ஆடிக் காட்டப்போகிறேன் என்று கிளம்பினார். எங்காத்துக்காரர் வந்து சொன்னதும் நான் கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, அன்னிக்கு நான் ஆடறேனே. ராவுத்தரோட."

அவர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே, "கேட்டுட்டேன். எல்லாரும் சரின்னுட்டா" என்றார். நான் அன்று திருக்கண்ணமுது, அதான் பாயசம், பண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் கூடத்தில் யாரும் கால் வைக்க முடியாது. வாட்டர்லூ ரொம்ப எளிமையான களம். வடக்கே ஒரு நீளமான மேடு. அதற்குப் பின்னால் இங்கிலீஷ்காரன் படுத்துக்கொண்டிருக்கிறான். தெற்கே நெப்போலியன். மேற்கே ஒரு பண்ணைவீடு. கிழக்கே ஒரு காடு. நேரமானால் அதிலிருந்து இங்கிலீஷ்காரனுக்கு உதவிப்படை வந்துவிடும். நெப்போலியன் என்ன செய்தான்? நாளெல்லாம் இழுத்தடித்துவிட்டு, எல்லாம் கெட்டபிறகு தன் காவல்படையை மேட்டில் ஏற்றினான். மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தவர்கள் எழுந்து சுட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

நான் காவல்படையை முதலிலேயே ஏற்றுவது என்று தீர்மானித்தேன். ஆனால் அது தூண்டில் புழு. மேட்டுக்கு மேற்கே ஒரு பள்ளத்தில் குதிரைப்படையை மறைத்து வைப்பேன். ராவுத்தர் தன் ஆட்களை எழுந்து சுடச் சொன்னால், நீள வரிசையாக நிற்கிற அவர்களைப் பக்கவாட்டில் குதிரை வந்து வாரிக்கொண்டு போய்விடும். குதிரைக்குப் பயந்து அவர் தன் ஆட்களைச் சதுரம் சதுரமாகச் சேர்த்து நிறுத்தினால், கும்பலாக நிற்கிறவர்கள் மேல் என் பீரங்கி பேசும். இரண்டு வழியும் அடைத்தாயிற்று. மூன்றாவதாக ஒன்று அவர் கண்டுபிடிப்பார். அது என்ன என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் நான் போனேன்.

கத்தரிப்பூக் கலர்ப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ராவுத்தரை அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான மனுஷர், வெள்ளைச் சட்டை, கறுப்புக் குல்லாய், கண்ணில் ஒரு சிரிப்பு. "வாங்கம்மா" என்று சொல்லிக் கையை நெஞ்சில் வைத்தார். மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். என் பொம்மைகள், நான் திருமண் இட்டவர்கள், வரிசையாக நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

முதல் சீட்டு எழுதினோம். ஃபோர்மன் இரண்டையும் பிரித்துப் படித்தார். என்னுடையதைப் படித்ததும் ராவுத்தர் சடாரென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு எங்காத்துக்காரரைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த சீட்டை எழுதினார். இரண்டு மூன்று சுற்று, அடடா, என்ன ஆட்டம்! மேற்கே பண்ணைவீட்டில் நான் காட்டின பாசாங்குக்கு அவர் மயங்கவே இல்லை. தன் பீரங்கியை நான் எதிர்பார்க்காத இடத்துக்கு நகர்த்தினார். நான் கதைகளில் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர் வந்துவிட்டார் என்று இருந்தது. காவல்படையை மேட்டில் ஏற்றும் கட்டளையை எழுதிக் கொடுத்தேன்.

ஃபோர்மன் ராவுத்தரின் சீட்டைப் பிரித்தார். ஒருதரம் மனசுக்குள் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "முழுப் படையும் பின்வாங்குது" என்றார்.

சுடவும் இல்லை, சதுரம் கட்டவும் இல்லை. அடுத்த சுற்றும் பின்வாங்கல். அதற்கடுத்ததும். ஸ்ரீரங்கம் ரெஜிமெண்ட் மேட்டின் மேல் ஜம்மென்று ஏறி நின்றது, எதிரே காக்கா குருவி இல்லை. கூட்டம் கைதட்டியது. பாண்டுக்காரர்கள் வேறு ஒரு பாட்டு வாசித்தார்கள். நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூஜா எங்காத்துக்காரர் மடியில் இருந்தது. காவிரிப் பாலம் வந்ததும், "சந்தோஷம்தானே?" என்று கேட்டார்.

"அவர் ஏன் சுடலை?"

அவர் ஆற்றைப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில், "நான்தான் சொல்லிவெச்சேன்" என்றார். "நாலு பேர் முன்னாடி நீ தோத்தா நன்னாவா இருக்கும்? ஒரு நாள் ஆசைப்பட்டுக் கேட்டே. பார்த்து விட்டுக்கொடுங்கோன்னு ராவுத்தர்கிட்ட வாக்கு வாங்கிண்டேன். முதல்ல மாட்டேன்னுதான் சொன்னார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூஜாவைப் பிடுங்கிக் காவிரியில் எறிந்திருப்பேன். பஸ் நிறைய ஜனம். வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேசினதெல்லாம் பாத்திரங்கள்தான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். என்மேல் உயிரை வைத்திருந்தவர். ஆனால் இன்னொன்றும் தோன்றும். நான் நிஜமாக ஆடி ஜெயித்திருந்தால், மார்ஷல் யார் என்று ஊருக்குத் தெரிந்துபோயிருக்கும். விட்டுக்கொடுத்த ஆட்டத்தில் அது தெரிய வழியில்லை. அவர் அதையும் யோசித்தாரா, இல்லையா? எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தேன், கேட்கவில்லை. இப்போது அவர் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார். கேட்டிருந்தாலும் உண்மை அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அவருக்காக யோசிப்பதை விட்டுவிட்டேன். "நீங்களே ஆடிக்கோங்கோ" என்றேன். அவர் தோற்க ஆரம்பித்தார். தோற்றதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ வாட்டர்லூவைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அழிய அழியத் திரும்பவும் போட்டேன். மூன்றாவது வழி என்ன, மூன்றாவது வழி என்ன என்று அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி இருக்கும்போது, கிளப் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு ஆகிக் கொஞ்ச நேரம், வாசலில் ஜட்கா வந்து நின்றது. ராவுத்தர். பினாங்கில் அவருடைய அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம், குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அன்று ராத்திரி ரயில். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பேரீச்சம்பழ டப்பா. "சமைச்ச பண்டம் எதுவும் கொண்டாரலீங்கம்மா" என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்துவிட்டுப் போகட்டும் என்று நான், "உள்ள வாங்கோ" என்றேன்.

நிலையைத் தாண்டினவர் அப்படியே நின்றுவிட்டார். தரை முழுக்க வாட்டர்லூ. மேடு, பண்ணைவீடு, காடு, பள்ளத்தில் சோழிகள்.

"நாலஞ்சு வருசமா இவரோட சண்டை போடறேன்னுதாம்மா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "அன்னைக்கு உங்க மொதச் சீட்டை ஃபோர்மன் படிச்சாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு, யாரோடன்னு."

எங்காத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது.

ராவுத்தர் குனிந்து மேட்டைக் காட்டினார். "இங்கதான நம்ம ஆளுங்க படுத்திருந்தாங்க? சுட்டா குதிரை வரும், கூடி நின்னா பீரங்கி வரும். நல்லாத்தான் பூட்டு போட்டீங்க. ஆனா மூணாவதா ஒண்ணு இருந்துச்சும்மா. அந்தச் சீட்டை எழுதி மடிச்சே வச்சிட்டேன். வாக்குக் குடுத்துட்டோமேன்னு அதைப் பைல போட்டுக்கிட்டு வேறொண்ணு எழுதிக் குடுத்தேன். மன்னிச்சிருங்க." பிறகு, அந்தக் கண் சிரிப்போடு, "ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு. இப்ப ஆடிப் பாத்துருவோமா?" என்றார்.

என்ன சொல்லியிருக்கவேண்டும் நான்? உட்காருங்கோ, ஆடலாம் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு மாதமும் அதற்குப் பின்னால் பல மாதமும் நான் தவம் கிடந்தது அதற்குத்தானே? அவர் இருக்கிறார், களம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தவர், தூரதேசம் போகிறவர், நின்றுகொண்டிருக்கிறார். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "முதல்ல ஒரு வாய் காப்பி சாப்பிடுங்கோ. இதோ வந்துட்டேன்."

உள்ளே போனேன். பால் திரிந்துபோயிருந்தது. பின்கட்டில் போய்ப் பால் வாங்கி, காய்ச்சி, புது டிகாக்‌ஷன் இறக்கி, நல்ல டம்ளராகத் தேடி, ஆற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கூடம் பளிச்சென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, ஜமக்காளம் விரித்து, எங்காத்துக்காரர் அவரை அதன்மேல் உட்காரவைத்திருந்தார். புளியங்கொட்டையும் சோழியும் டப்பாவில் ஏறிவிட்டன.

"மனுஷர் எத்தனை நாழி நிப்பார்? அதான் இடம் பண்ணினேன்" என்றார் இவர். அந்தப் பக்கத்தில் கால் வைத்தால் நான் எப்படிக் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும். விருந்தாளியை நான் ஏதாவது சொல்லிவிடப் போகிறேனே என்று பயந்திருப்பார். அதுவும் மரியாதைக்காகத்தான். அவர் செய்தது எல்லாமே மரியாதைக்காகத்தான்.

ராவுத்தர் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் காத்திருந்தார், நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஜமக்காளத்தைச் சுருட்டினால் போதும். களத்தை மறுபடி போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். வரையக்கூட வேண்டாம். "அந்த மூணாவது என்ன?" என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருப்பார். நான் தூணில் சாய்ந்துகொண்டு, "சக்கரை போறுமா?" என்று கேட்டேன்.

"போதும்மா" என்றார். பிறகு ஆண்கள் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டைப் பற்றி, கப்பலைப் பற்றி, கடையை வாங்கினவரைப் பற்றிப் பேசினார்கள். ஜட்காக்காரன் மணியை அடித்தான். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோது ராவுத்தர், "திரும்பி வந்ததும் ஆடிருவோம்மா, இன்ஷா அல்லா. மறந்துராம பூட்டை அப்படியே வச்சிருங்க" என்றார். போய்விட்டார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை அன்றைக்கு நின்றுகொண்டே பார்த்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கெல்லாம் அங்கேயே மௌத்தாகிவிட்டார் என்று கடை வீதியில் இவரிடம் யாரோ சொன்னார்கள். அறுபதுகளின் நடுவில் ஃபோர்மனும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பெட்டிகளையும் தன்னோடு கொண்டுபோய்விட்டார். என் தென்கலைச் சிப்பாய்கள் அங்கே எந்த ஊர் மேஜையில் நிற்கிறார்களோ. கிளப் கலைந்தது. எங்காத்துக்காரரை யாரும் மார்ஷல் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புளியங்கொட்டை டப்பா மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது குனிந்து கோலம் போட முடிவதில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே பரப்பிக்கொள்கிறேன். மேடு, பள்ளம், சோழி எல்லாம் ராவுத்தர் சொன்னபடி அப்படியே. அவருக்காக நான் ஏழெட்டு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த அன்று இதுதான், இதேதான் என்று துள்ளுவேன். மறுநாள் காலையில் பால் காய்ச்சும்போது அதற்கு என்னிடம் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அது அவருடையது இல்லை. கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறேன்.